கூத்துக் களரியும் ஊராக்கமும்

ஆடற்கலையைப் பற்றி எழுதப் புகுவோர் ஆட்டத்தின் நுட்பத்தையும் பாட்டின் இனிமையையும் கதையின் சுவையையும் விரித்துரைத்து அமைதல் வழக்கம். அவ்வாட்டத்துக்கு ஆள் சேர்த்தவர் யார், ஆசானை அழைத்து வந்தவர் யார், விளக்குக்கு எண்ணெய் வார்த்தவர் யார், ஈற்றிற் கணக்குப் பார்த்தவர் யார் என்பன அவ்வெழுத்துக்களில் அரிதாகவே இடம்பெறும். ஆயினும், ஒரு கூத்து ஓரூரிற் பல தலைமுறை நிலைபெற்றமைக்கும், அதே கூத்து அயலூரில் ஒரு தலைமுறைக்குள் அற்றுப்போனமைக்கும் உரிய காரணத்தை ஆட்டத்திலும் பாட்டிலும் மட்டும் தேடினாற் கிடையாது. குழுவை நடத்திய முறையிலும் அதனைத் தேடவேண்டும். மட்டக்களப்பு நாட்டுக்கூத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, கூத்துக் குழுவின் முகாமை எத்தகையது, அதனால் ஊர் பெற்ற ஆக்கம் யாது, அம்முகாமை இக்காலத்தில் யார் கைக்கு மாறியுள்ளது என்பன ஈண்டு ஆராயப்படும்.

ஈழத்துத் தமிழரிடையே கூத்து மரபுகள் பல. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் முல்லைத்தீவிலும் தனித்தனிப் பாங்குகள் வழங்குகின்றன. மலையகத் தோட்டங்களிற் காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் ஆடப்படுகின்றன. மட்டக்களப்பிலோ வடமோடி, தென்மோடி என்னும் இருவகை வழங்கும். வடமோடி பெரும்பாலும் பாரத இராமாயணக் கதைகளைக் கொண்டது. போரும் விறுவிறுப்பும் மிக்கது. அரச வேடத்துக்குப் பாரமான கரப்புடுப்பும் முடியும் உரியன. தென்மோடி காதலும் இசையும் மிக்கது. அதன் உடுப்பு பாரம் குறைந்தது. இவற்றோடு கோலெடுத்து ஆடும் வசந்தன், மகிடி முதலிய ஆடல்களும் அந்நாட்டில் உள. வசந்தனாடற் பாடல்களைத் தி. சதாசிவ ஐயர் தொகுத்து 1940ஆம் ஆண்டில் வெளியிட்டமையால் அவை அழியாது காக்கப்பட்டன. கூத்துக்களுள் மிக நீண்ட பயிற்சியையும் மிகப் பலரின் உழைப்பையும் வேண்டி நிற்பவை வடமோடியும் தென்மோடியுமே. ஆதலின் முகாமை பற்றிய ஆய்வுக்கு அவையே பெரிதும் பொருந்துவன.

வேளாண்மை வெட்டிச் சூடு மிதித்து நெல் வீடு சேர்ந்தபின் படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் உழவர்க்கு ஓய்வு கிடைக்கும். கூத்துப் பற்றிய பேச்சு அக்காலத்தில் ஊரில் எழும். ஊர்ப் பெரியோரும் கோயில் வண்ணக்கரும் ஆடுதற்கு விருப்பமுள்ள இளைஞரும் கூடுவர். எந்தக் கூத்து ஆடுவது, எந்த அண்ணாவியாரை அழைப்பது என்னும் இரண்டும் அங்கு முடிவாகும். உள்ளூரில் அண்ணாவியார் இல்லாவிடின் அயலூருக்கு ஆள் செல்லும். வெற்றிலை வைத்து அழைக்கப்பட்ட அண்ணாவியார் வந்து ஆடவிரும்புவோரின் குரலையும் உடலையும் தாள அறிவையும் பார்ப்பார். அதன்பின் ஒவ்வொருவருக்கும் உரிய பாட்டும் வசனமும் எழுதிய படியை வழங்குவார். அதற்குச் சட்டம் கொடுத்தல் என்று பெயர்.

சட்டம் கொடுத்தல் கேட்பதற்கு எளிய சடங்காகத் தோன்றும். நடத்துவோர்க்கு அதனினும் கடினமான கட்டம் பிறிதில்லை. அரச வேடம் எல்லாரும் விரும்புவது. கட்டியகாரனும் சேவகனும் யாரும் விரும்பாதவை. குடிப்பெருமை பேசி மகனுக்கு அருச்சுனன் வேடம் கேட்கும் தந்தை இருப்பார். அவர் மகனுக்குத் தாளம் நில்லாது. ஏழை வீட்டு இளைஞன் ஒருவனுக்குக் குரல் வாய்த்திருக்கும். முடிசெய்யக் காசு இராது. இவ்விரு வீட்டாரையும் பகைக்காது வேடத்தைப் பகிர்ந்தளிக்க ஆட்ட அறிவு மாத்திரம் போதாது. அண்ணாவியார் அயலூரார் ஆயின் அதுவே ஒரு வாய்ப்பு. அவர் தீர்ப்பை ஊர் எளிதில் ஏற்கும். இதனாலும் வெளியூர் அண்ணாவியாரைச் சில ஊரார் விரும்பினர் எனக் கருத இடமுண்டு.

பயிற்சி மூன்று நான்கு மாதம் நிகழும். சிலவிடத்து அதனினும் நீளும். பகலில் வயலிலும் கடலிலும் தொழில் செய்தோர் இரவிற் களரிக்கு வருவர். முதலிலே தாளக்கட்டுக்குக் கால் பழக்கப்படும். நாலடி, எட்டு, வீசாணம் முதலிய ஆட்டங்கள் தனித்தனி கைவந்தபின் பாட்டும் ஆட்டமும் இணைக்கப்படும். ஓரளவு தேறியதும் நல்ல நாட் பார்த்துச் சதங்கை அணிவர். அன்று ஆடுவோரின் தாய் தந்தையரும் சுற்றத்தாரும் வந்திருப்பர். ஊரறியச் சதங்கை கட்டியவன் பின்னர் விலகுதல் எளிதன்று. ஆதலின் இச்சடங்கை ஓர் ஒப்பந்தம் எனவும் கொள்ளலாம். பின்னர்க் கிழமைதோறும் ஒருநாள் கூத்தை ஓடவிட்டுப் பார்ப்பர். அது கிழமைக் கூத்து. முழுக்கூத்தையும் உடுப்பின்றித் தொடக்கம் முதல் ஈறுவரை ஆடிப் பார்த்தல் அடுக்குப் பார்த்தல் எனப்படும். குறைகள் அங்குக் கண்டு திருத்தப்படும். இவ்வளவும் முடிந்த பின்பே அரங்கேற்றம்.

அரங்கேற்றம் நிகழும் வட்டக்களரி மண்ணால் உயர்த்திச் சுற்றிலும் கம்பு நாட்டிப் பந்தலிட்டு அமைக்கப்படுவது. நடுவே மத்தளத்தோடு அண்ணாவியாரும், சல்லரிக்காரரும், பக்கப்பாட்டுக்காரரும், ஏடு பார்ப்பவரும் நிற்பர். அவர்களைச் சூழ்ந்து கூத்தர் ஆடுவர். கூத்தரைச் சூழ்ந்து நாற்புறமும் ஊர் அமர்ந்திருக்கும். அவ்வமைப்பில் முதுகு காட்டுதல் என்பதொன்றில்லை. முன்னிரவில் தொடங்கிய ஆட்டம் விடியும்வரை நடைபெறும். பந்தம் போய்ப் பெற்றோமாக்சு வந்தது. அது போய் மின்விளக்கு வந்தது. இவற்றாற் கூத்துக்குக் கேடு நேர்ந்திலது. ஒலிவாங்கி வந்தபோதுதான் வினை வந்தது. அதன் முன் நின்று பாடவேண்டியிருந்தமையாற் களரியைச் சுற்றி ஆடியவன் ஓரிடத்தில் நிற்கலானான்; காலின் வேலை குறைந்தது.

முகாமை மூன்று கைகளிற் பிரிந்திருந்தமை இங்குக் கருதற்பாலது. கலை பற்றிய அதிகாரம் முழுவதும் அண்ணாவியாருடையது. பாடல் தவறாது காப்பது ஏடு பார்ப்பவர் கடன். பணமும் பந்தலும் ஊர்ப் பொறுப்பாளரைச் சேர்ந்தவை. ஆடுவோனும் தன் உடுப்பின் செலவிற் பங்கு ஏற்றான். அரங்கேற்றத்தின்பின் குழுவினர் வீட்டுக்கு வீடு சென்று சிறுபகுதி ஆடுவர். அதனாற் கிடைத்த பணம் செலவை ஈடுசெய்யவும் அண்ணாவியாருக்குச் சன்மானம் சேர்க்கவும் உதவியது. ஒருவரே செலவிட்டு ஒருவரே உரிமை கொண்டாடும் நிலைமை இவ்வேற்பாட்டில் எழவில்லை. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துவின் வசந்த கான சபை போன்ற இசைநாடகக் குழுக்கள் அழைத்த ஊர்களுக்கெல்லாம் சென்று நடித்தன. அவற்றின் பெருமை வேறு. அவை பார்ப்போரிடம் சென்ற குழுக்கள். கூத்துக் களரியிலோ பார்ப்போரே நடத்துவோராகவும் இருந்தனர்.

இனி, ஊர் பெற்ற ஆக்கம் யாது என நோக்குதல் வேண்டும். ஊர் முன்னேற்றம் என்றவுடன் வீதியும் கிணறும் கட்டடமும் நினைவுக்கு வருதல் இயல்பு. கூத்து இவற்றைத் தருவதன்று. வீதி போடவும் குளக்கட்டுத் திருத்தவும் வேண்டிய கூட்டுழைப்பை அது பழக்கிற்று. இருபது பேர் மூன்று நான்கு மாதம் ஒரு நேரத்துக்கு ஓரிடத்தில் கூடுதலும், ஒருவன் வராவிடின் ஏனையோர் வேலை கெடும் என உணர்தலும், பணம் சேர்த்துக் கணக்குக் காட்டுதலும், பிணக்கைக் கூத்து முடியும்வரையேனும் ஒதுக்கி வைத்தலும் ஊரவர் களரியிற் பெற்ற பயிற்சிகள். எழுத்தறியாதாரும் நூற்றுக்கணக்கான பாடல்களை வரப்பண்ணினர். சட்டத்தை வாசித்துக் கேட்கும் பொருட்டு எழுத்துக் கற்றாரும் இருந்திருப்பர். தச்சரும் தையற்காரரும் களரியால் வேலை பெற்றனர். இரவிற் களரியருகே கடலையும் தேநீரும் விற்றோரும் சிறுபயன் பெற்றனர். இப்பொருட்பயன் சிறிதே, அதனைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டியதில்லை.

இவ்வேற்பாடு குற்றமற்றது என்று கூறுதல் உண்மையாகாது. சாதிப் பிரிவு களரியிலும் இருந்தது. ஒரு பிரிவினர் ஆடும் களரியில் மறுபிரிவினர் ஆடார். பெண் வேடத்தை ஆடவரே பூண்டனர். களரி மகளிர்க்கு மூடப்பட்டிருந்தது. நள்ளிரவிலும் விழித்திருந்து பாட்டைத் தம் வாயிற் கொண்டிருந்த தாய்மார் பலர் ஒருநாளும் சதங்கை கட்டியிலர். ஊரின் ஒற்றுமையைக் கூத்து வளர்த்தது எனக் கூறும்போது, அவ்வொற்றுமை எந்த எல்லைக்குள் அடங்கியது என்பதையும் உடன் கூறுதல் முறை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கற்றோர் கூத்தை இழிவாகக் கருதினர். கூத்தாடியைப் பழித்துரைக்கும் வழக்கு வீடுகளில் இருந்தது. ஆங்கிலம் கற்ற மகன் களரியில் ஏறுதலைத் தந்தையே விரும்பவில்லை. அந்நிலையை மாற்றியவருள் முதல்வர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவரும், பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கியவருமான அவர், 1950களின் பிற்பகுதி தொடக்கம் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அண்ணாவிமாரை ஒன்றுகூட்டினார்; ஊர்களிற் கூத்துக்களை மேடையேற்றுவித்தார். அலங்காரரூபன் நாடகம் 1962இலும், மன்னார்க் கூத்தாகிய எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம் 1964இலும் அவர் பதிப்பில் அச்சேறின. சிங்கள நாடக உலகில் எதிரிவீர சரச்சந்திர நாடகம் என்னும் கூத்து மரபினின்று 1956இல் மனமேயை ஆக்கி வெற்றி கண்டிருந்தமை அவருக்கு முன்னுதாரணமாயிற்று. சிங்கள நாடக மரபு தமிழ்க் கூத்தின் தொடர்பால் வளர்ந்தது என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

வித்தியானந்தன் பேராதனை மாணவரைக் கொண்டு 1962இற் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், 1964இல் இராவணேசன், 1968இல் வாலிவதை ஆகியவற்றை மேடையேற்றினார். கர்ணன் போருக்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். ஊர்க்களரி ஆசான் ஒருவர் பல்கலைக்கழக மாணவர்க்கு ஆசானாய் நின்ற காட்சி அக்காலத்திற் சிறிய செய்தியன்று. விடியும்வரை ஆடிய கூத்து ஒன்றரை மணித்தியாலத்தளவிற் சுருங்கியது. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. அம்மாணவருள் ஒருவராய் ஆடிய சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து பெருநூல் எழுதினார்.

இம்முயற்சி கூத்துக்குப் பெருமையை மீட்டுத் தந்தது என்பதில் ஐயமில்லை. அது இல்லையேல் இன்று கூத்தைப் பற்றி எழுதுவாரும் கற்பாரும் இவ்வளவினராய் இரார். எனினும் முகாமை நோக்கிற் பார்த்தால் ஒரு மாற்றம் புலப்படும். குழுவை நடத்தும் பொறுப்பு ஊரவர் கையிலிருந்து பல்கலைக்கழகம், பாடசாலை, திணைக்களம் என்பவற்றின் கைக்குச் சென்றது. பாடசாலைகளுக்கிடையே நடக்கும் தமிழ்த்தினப் போட்டியில் நாட்டுக்கூத்தும் ஒரு நிகழ்ச்சி. போட்டிக்கு நேர எல்லை உண்டு. ஆசிரியர் அண்ணாவியாரைச் சில நாள் அழைப்பார். போட்டிக்குரிய பகுதியை மாணவர் கற்பர். பரிசு கிடைக்கும் அல்லது கிடையாது போகும். அதனோடு அக்குழு கலையும். மாணவர் பெற்ற பயன் உண்மையானதே. முன்னர் மூன்று நான்கு மாதம் ஊர் முழுவதையும் ஈர்த்த ஏற்பாடு மாத்திரம் அங்கு நிகழ்வதில்லை. ஆட்டம் எஞ்சியது, ஆட்டுவித்த அமைப்பு எஞ்சவில்லை.

1983இன் பின் நீண்டு 2009இல் முடிந்த போரும், 2004 டிசம்பரில் வந்த கடல்கோளும் எஞ்சியிருந்ததையும் அலைத்தன. இரவிற் கூடுதல் இயலாத காலத்தில் கிழமைக் கூத்து எங்ஙனம் நடக்கும்? இடம்பெயர்ந்த குடும்பங்களோடு ஏடுகளும் உடுப்புக்களும் சிதறின. கடல்கோளின்பின் வந்த உதவி நிறுவனங்கள் கூத்தைச் செய்தி பரப்பும் கருவியாகக் கையாண்டன. சுகாதாரமும் சிறுவர் உரிமையும் பற்றிய பாட்டுக்கள் கூத்து மெட்டிற் கட்டப்பட்டன. அதனை முற்றாகக் குறைகூறுதல் நன்றன்று. செய்தி சென்று சேர்ந்திருக்கும். ஆயின் கூத்தின் வாயிலாக ஊர் வளர்வது வேறு, கூத்தின் வாயிலாக ஊருக்கு அறிவுரை கூறுவது வேறு. முன்னையதில் ஊர் முடிவு செய்கிறது. பின்னையதில் முடிவு வேறெங்கோ செய்யப்பட்டு, மத்தளம் மட்டும் ஊரில் இரவல் வாங்கப்படுகிறது.

இவ்வேறுபாட்டை உணர்ந்து நடத்தப்பட்டதொரு முயற்சி மட்டக்களப்பு நகரை அடுத்த சீலாமுனையில் நிகழ்ந்தது. 2000களின் முற்பகுதியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கர் அவ்வூர்க் கூத்தரோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்கம் எனும் செயலைத் தொடங்கினார். வல்லுநர் தனியே பிரதி எழுதி ஊரவர்க்குப் பழக்கும் முறை அங்கு விலக்கப்பட்டது. அண்ணாவியாரும் கூத்தரும் ஊர்ப் பெரியோரும் கூடியிருந்து, பழைய கதையிற் சாதியையும் பெண்ணையும் பற்றிக் கூறப்பட்டவை இக்காலத்துக்கு ஏற்குமா என வாதித்தனர். வாதித்து மாற்ற வேண்டியவற்றை மாற்றினர். களரி வட்டமாகவே இருந்தது. அம்முறையை ஏற்காதாரும் உளர். பழம்பாடலை மாற்றுதல் தகுமா என்பது அவர்தம் வினா. வினா நியாயமானதே. ஆயினும் அவ்வினா ஊரிலே எழுந்து ஊரிலே வாதிக்கப்பட்டமை, முகாமை மீண்டும் ஊரவரிடம் வந்தமைக்குச் சான்று.

நிற்க. கூத்துக் குழு ஒன்றை இன்று நிறுவ முனைவோர் எவற்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்? பழைய ஏற்பாட்டை அப்படியே மீட்டல் இயலாது. வேளாண்மை வெட்டியபின் ஓய்ந்திருக்கும் இளைஞர் இன்று குறைவு. வெட்டுதலை இயந்திரம் செய்கிறது. இளைஞர் பலர் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் தொழில் தேடிச் செல்கின்றனர். இரவுதோறும் கூடுவதற்குப் பதிலாக வார இறுதியிற் கூடலாம். விடியும்வரை ஆடாது முன்னிரவோடு நிறுத்தலாம். இவை விட்டுக்கொடுக்கத்தக்கன. பயிற்சிக் காலத்தைச் சுருக்குதல் மாத்திரம் விட்டுக்கொடுக்கத்தக்கதன்று. ஊர் கூடுவது அக்காலத்திலேயே ஆதலால், அது சுருங்கின் ஆட்டமும் கெடும், ஊர் பெறும் பயனும் இல்லையாகும்.

பணம் பற்றியும் இதுவே கூறத்தக்கது. பிரதேச செயலகமோ வெளிநாட்டிலுள்ள ஊர்ச் சங்கமோ உதவ முன்வரும்போது, அரங்கேற்ற நாளின் ஒலிபெருக்கிக்கும் மாலைக்கும் நினைவுச் சின்னத்துக்கும் பணம் எளிதில் வரும். பயிற்சி இரவுகளின் தேநீருக்கும், அண்ணாவியாரின் மாதச் சன்மானத்துக்கும், மத்தளத்துக்குத் தோல் மாற்றுதற்கும் பணம் கேட்டால் தருவோர் தயங்குவர். படம் எடுத்து அனுப்ப அங்கு ஒன்றுமில்லை. நடத்துவோர் இவ்விடத்து உறுதியாக நிற்றல் வேண்டும். உதவியின் பெரும்பகுதி பயிற்சிக்கே எனக் கூறிப் பெறுதல் வேண்டும். முழுச்செலவையும் ஒருவரிடமே பெறுதலும் நன்றன்று. வீட்டுக்கு வீடு ஆடிப் பெறும் சிறுதொகை பணத்தளவில் இன்று பயன்படாது எனச் சிலர் அதனை விட்டுவிட்டனர். அத்தொகையைத் தந்த வீட்டார் அடுத்த ஆண்டு கூத்து எப்போது என்று கேட்கும் உரிமை பெற்றிருந்தனர் என்பதை அவர் மறந்தனர்.

கணக்கு எழுதப்பட்டுக் கோயில் முன்றலிலோ வாசிகசாலையிலோ படிக்கப்படுதல் வேண்டும். பல குழுக்கள் பிளவுபட்டமைக்கு ஆட்டத்திலெழுந்த வேறுபாட்டினும் கணக்கிலெழுந்த ஐயமே காரணமாதல் கூடும். உடுப்பும் முடியும் சதங்கையும் குழுவின் பொதுச் சொத்தாக ஓரிடத்தில் வைக்கப்பட்டு, ஏழை வீட்டு இளைஞனும் அரச வேடம் பூண இடங்கொடுத்தல் வேண்டும். ஏட்டைப் படியெடுத்தல் உடனே செய்யத்தக்க பணி. கையெழுத்துக் கொப்பிகள் கறையானுக்கு இரையாகி வருகின்றன. மகளிர் ஆடுவதைப் பல ஊர்களும் இப்போது ஏற்றுள்ளன. அவர்கள் ஆடுவதோடு பொறுப்பாளர் குழுவிலும் இடம்பெறுதல் முறை.

எஞ்சுவது அண்ணாவியார் பற்றியது. ஆட்டம் பழகிய ஒருவன் சில மாதத்தில் நல்ல கூத்தனாகலாம். மத்தளத்தோடு களரி நடுவே நின்று, இருபது பேரின் காலையும் குரலையும் ஒருங்கு நடத்தி, மறந்த பாட்டை எடுத்துக் கொடுத்து, தாளம் தவறியவனைப் பார்ப்போர் அறியாதவாறு மீட்கும் ஆற்றல் பல ஆண்டுப் பழக்கத்தாலன்றி வாராது. அதனைக் கைக்கொண்ட பலர் இன்று முதியோர். கூத்து ஒன்றைப் பழக்க அழைக்கும் ஊர், அண்ணாவியாருக்கு வெற்றிலை வைக்கும்போதே, அவர் அருகில் மத்தளத்துக்குக் கை பழகும் இளைஞர் இருவரையும் பெயர் குறித்து ஒப்படைத்தல் வேண்டும். அவ்விருவர்க்கும் அக்கூத்தில் வேடம் வேண்டியதில்லை.